இருநூறு கஜத்துக்கு அந்தப் பக்கம்

மட்டைப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நாலு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடிதம் கிடைத்தது. மட்டையை எப்படிச் சோதிப்பது என்று என் அனுபவத்தை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். எந்த மரம், எத்தனை எடை, எவ்வளவு சாய்வு என்பதெல்லாம் உங்கள் மேஸ்திரி சொல்லித் தருவார், என்னைவிட நன்றாகவே சொல்லுவார். நான் எழுதப்போவது நான் கெடுத்த ஒரு காரியத்தைப் பற்றி. படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டாலும் சரி.

உங்களுக்குக் கிரிக்கெட் மட்டையும் ஹாக்கி மட்டையும்தான் தெரியும். நான் சோதித்தது கோல்ஃப் மட்டை. அதிலும் டிரைவர் என்று ஒன்று உண்டு. ஆட்டத்தின் முதல் அடியை, ஆக நீளமான அடியை, அதனால்தான் அடிப்பார்கள். நீளமான தண்டு, அதன் நுனியில் ஒரு கைமுஷ்டி அளவுக்கு மரத்தலை. தலையும் தண்டும் சேருகிற கழுத்தில் மெழுகு நூலை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். இந்தக் கழுத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

மதுரையில் நான் வேலை பார்த்த விளையாட்டுச் சாமான் கடைக்கு வெள்ளைக்காரத் துரைமார்தான் வாடிக்கை. மில் துரைகள், ஜில்லா அதிகாரிகள், மலைமேல் இருந்த எஸ்டேட்காரர்கள். சீமையிலிருந்து வரும் மட்டைகளையும், ரிப்பேர் பார்த்த மட்டைகளையும் அடித்துப் பார்த்து ஒரு தாளில் எழுதித் தருவது என் வேலை. தாளில் மூன்று கட்டம்: பார்வை, பிடி, போக்கு. பந்துக்குப் பின்னால் மட்டையை வைத்துக் குனிந்தால் கண்ணுக்கு ஒப்புகிறதா என்பது பார்வை. கையில் எப்படி இருக்கிறது, அடிக்கும்போது என்ன சத்தம் வருகிறது என்பது பிடி. பந்து எங்கே போய் விழுகிறது என்பது போக்கு.

எனக்கு இதை அடிக்கக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பாதிரியார். கடைக்கு வருவதற்கு முன்பு நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். ஜோடி சேர ஆள் கிடைக்காத எரிச்சலில் அவர் என் கையில் மட்டையைக் கொடுத்தார். அவர் சீமைக்குத் திரும்பிய பிறகு எனக்கு இந்த வித்தை மிஞ்சியது, கூட அடிக்க ஆள் மிஞ்சவில்லை. இத்தனை வருஷத்தில் நான் எண்ண முடியாத அளவுக்குப் பந்து அடித்திருக்கிறேன். ஒரு முழு ஆட்டம் ஆடியது கிடையாது. எந்தக் கிளப்பிலும் என்னை உள்ளே விட்டு ஆடச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சோதனை நடந்தது திருமங்கலம் சாலையில் ஒரு கண்மாயில். தை கழிந்து தண்ணீர் வற்றியதும் அது எனக்குச் சொந்தம். சனிக்கிழமை விடிந்ததும் சைக்கிளில் மட்டைப் பையைக் கட்டிக்கொண்டு போவேன். ஒரு சிட்டிகை மண்ணைக் குவித்து அதன்மேல் பந்தை வைத்து அடிப்பேன். இருபது பந்து அடித்ததும் இருநூறு கஜம் நடந்துபோய்ப் பொறுக்கிக்கொண்டு வருவேன். மறுபடி அடிப்பேன். ஆடு மேய்க்கிறவர்கள் முதலில் கொஞ்ச நாள் நின்று பார்த்தார்கள். கிறுக்குப்பயல் என்று முடிவுகட்டியதும் அவர்களும் பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

அந்தக் கண்மாயில் நான் செய்த முதல் தப்பு சின்னது. ஒரு மட்டை அபாரமாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தேன். மற்ற மட்டைகளைவிட நாற்பது கஜம் தூரம் போனது. அதை வாங்கிய எஸ்டேட் துரை ஒரே வாரத்தில் திருப்பி அனுப்பினார். மலையில் புல்தரை ஈரமாக இருக்கும், பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். என் கண்மாய்த் தரையோ காய்ந்து ஓடு மாதிரி கிடந்தது. தாழப் போகிற பந்து தரையில் விழுந்து ஓடு ஓடென்று ஓடியிருக்கிறது. நான் பந்து நின்ற இடத்தை அளந்தேனே தவிர விழுந்த இடத்தை அளக்கவில்லை. மட்டைக்குக் கொடுத்த மதிப்பெண்ணெல்லாம் கண்மாய்க்குச் சேரவேண்டியது.

முதலாளி பொறுமைசாலி. "மண்ணைச் சோதிக்கவா சார் உங்களுக்குச் சம்பளம்?" என்று கேட்டதோடு விட்டார். அடுத்த வாரத்திலிருந்து பந்தில் ஈரச் சுண்ணாம்பைத் தடவி அடித்தேன். விழுந்த இடத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி பதியும். தனி ஆளுக்கு அது நல்ல யுக்திதான். ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் நடந்துபோய்ப் புள்ளியைத் தேட வேண்டும். அந்தப் பக்கம் ஒரு ஆள் நின்றால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அப்போதுதான் முதன்முதலாக நினைத்தேன்.

அந்த ஆள் வந்தது யுத்த காலத்தில். சீமைச் சரக்கு நின்றுபோயிற்று. கடையில் பழைய தண்டுகள் கிடந்தன, தலைதான் இல்லை. முதலாளி உள்ளூர் மரத்தில் தலை செய்து பார்க்கலாம் என்று திருமங்கலத்திலிருந்து ஒரு ஆசாரியைக் கூட்டிவந்தார். பெயர் காளிமுத்து. வண்டிச்சக்கரம் செய்கிறவர். யுத்தத்தால் சக்கரத்தைச் சுற்றிப் போடுகிற பட்டா இரும்பு கிடைக்காமல் அவர் பட்டறை மூடிக் கிடந்தது. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், ஒல்லி, பேசும்போது எதிராளியின் கையையே பார்ப்பார்.

சீமை மட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்தை விரலால் தடவினார்.

"இம்புட்டுத்தானா? இதுக்கா கப்பல் ஏத்தி வாராய்ங்க?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இது எங்கிட்டு அடி வாங்கும் சார்?" என்று கேட்டார்.

மரத்தலையில் பந்து படுகிற முகப்பைக் காட்டினேன்.

"அப்ப நோவு கழுத்துக்குத்தான் வரும்" என்றார். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

சக்கரத்தின் நடுக்குடம் செய்கிற கருவேல வைரத்தில் முதல் தலையைச் செய்துகொண்டுவந்தார். பார்க்க மகா கண்றாவி. கறுப்பாக, மொத்தையாக, பந்துக்குப் பின்னால் வைத்தால் எருமை படுத்திருக்கிற மாதிரி இருந்தது. பார்வைக் கட்டத்தில் அப்படியே எழுதினேன், அவரிடமும் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "அடிச்சுக் காட்டுங்க, நான் பாக்கணும்" என்று சனிக்கிழமை கண்மாய்க்கே வந்துவிட்டார்.

இரண்டு பந்து அடித்ததும், "விழுகுற எடத்துல நான் நிக்கிறேன். நடந்து நடந்து உங்க காலு என்னத்துக்கு ஆகுறது?" என்று சொல்லிவிட்டு நடந்தார். பந்து விழுந்த இடத்தில் ஒரு முளைக்குச்சியை நட்டுவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்து உயர்த்திக் காட்டினார். பார்த்துவிட்டேன், அடுத்ததை அடி என்று அர்த்தம். துண்டைத் தோளில் போட்டால் பந்து கண்ணில் படவில்லை என்று அர்த்தம். இதை நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை, அதுவாகப் பழகிப்போயிற்று.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயிலில் நாலு பேர் கைகுலுக்குவார்கள், கடையில் முதலாளி வேலையைச் சொல்லுவார். மற்றபடி, இந்த மட்டை இன்று கையில் நன்றாக உட்கார்ந்தது என்று நான் சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று விளங்கிக்கொள்ள இந்த ஊரில் ஒருத்தரும் இல்லை. தனியாக இருக்கிறோம் என்பதுகூட அதுவரை எனக்கு உறைக்கவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு துண்டு உயர்ந்த பிறகுதான் உறைத்தது.

மாசியும் பங்குனியும் முழுக்க அப்படிப் போயின. காலையில் பாதி நேரம் அவருக்கும் எனக்கும் நடுவில் இருநூறு கஜம் இருக்கும். வெயில் ஏறியதும் கரையில் புளிய மரத்தடியில் உட்காருவோம். அவர் நுங்கு வெட்டிக்கொண்டு வருவார். நான் எல்லாவற்றையும் சொல்லுவேன், சத்தம் எப்படி இருந்தது, கையில் எங்கே அதிர்ந்தது என்று. அவர் வீட்டுக்குப் போய்ச் செதுக்கிக்கொண்டு மறுவாரம் வருவார். எருமை மெல்ல மெல்லக் கன்றுக்குட்டி ஆயிற்று. நான் அவரை ஆசாரி என்பதை விட்டு அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவர் என்னை சார் என்பதை விட்டுத் தம்பி என்று கூப்பிட்டார்.

சித்திரையில் மலையிலிருந்த கிளப் ஒன்று ஆறு டிரைவர் கேட்டது. பிடித்துப்போனால் யுத்தம் முடிகிற வரை வேறெங்கும் போகாமல் நம்மிடமே வாங்குவதாக எழுதியிருந்தார்கள். இது காளிமுத்து அண்ணனுக்கு வாழ்வா சாவா என்கிற சங்கதி. ஆர்டர் நிலைத்தால் அவர் பட்டறை மறுபடி திறக்கும். இல்லாவிட்டால் மேலூர்ப் பக்கம் கல்குவாரிக்குப் போய்ச் சம்மட்டிக்குக் கணை, அதாவது மரக் கைப்பிடி, மாட்டுகிற கூலி வேலைதான் பாக்கி. அவரே சொன்னதுதான்.

ஆறையும் கொண்டுவந்தார். திங்கட்கிழமை மலைக்கு லாரி. சனிக்கிழமை காலையில் ஒவ்வொன்றாலும் இருபது பந்து அடித்தேன். ஐந்து மட்டை மணி மணியாக இருந்தது. ஆறாவதும் அப்படித்தான் இருந்தது, பதினேழாவது பந்து வரைக்கும். அந்தப் பந்தை அடித்தபோது சத்தம் மாறியது. நல்ல தலை 'டொக்' என்று ஒரே சத்தமாகக் கேட்கும். இது ஓரத்தில் கொஞ்சம் பிசிறியது. பானைக்கடையில் ஓட்டைப் பானையைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பந்து வழக்கம்போல நேராகப் போய் விழுந்தது. அந்தப் பக்கம் துண்டு உயர்ந்தது.

பதினெட்டு, பத்தொன்பது, இருபது. மூன்றிலும் அதே பிசிறு. கழுத்தை விரலால் தடவினேன், வெளியே ஒன்றும் தெரியவில்லை. மெழுகு நூலைப் பிரித்தால் உள்ளே என்ன என்று தெரிந்துவிடும். பிரித்துப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகும், திருப்பிச் சுற்ற அரைமணி நேரம். நூலின் நுனியை நகத்தால் நெம்பினேன். பிறகு விட்டுவிட்டேன்.

அந்த நேரத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்கள் எல்லாம் ஞாபகம் இருக்கின்றன. சித்திரை வெயிலில் மரம் காய்ந்திருக்கும், மலை ஈரத்துக்குப் போனால் சரியாகிவிடும் என்றேன். கை அசந்திருக்கும் என்றேன். ஆறுக்கு ஐந்து அனுப்பினால் முதலாளி முகம் சுளிப்பார், உள்ளூர் மரமே வேண்டாம் என்று சொன்னாலும் சொல்லுவார் என்றேன். அத்தனைக்கும் அடியில் இருந்த காரணம் ஒன்றுதான். எனக்குச் சனிக்கிழமை வேண்டும். இந்த ஆள் வராத கண்மாயை நினைத்துப் பார்க்கப் பயமாக இருந்தது.

அவர் குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டு சிரித்தபடி வந்தார்.

"எல்லாம் ஒரே பாய் அளவுக்குள்ள விழுந்திருக்கு தம்பி. எப்படி இருக்கு ஆறாவது?"

"நல்லாருக்குண்ணே."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

தாளில் பிடிக் கட்டத்தில், சத்தம் நன்று என்று எழுதினேன். நுங்கு தின்றோம். அன்றைக்கு அவர் மூடிக்கிடந்த பட்டறைக்குப் புதுக் கூரை வேய்வதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரத்தில் மலையிலிருந்து பெட்டி திரும்பி வந்தது. ஒரு துரை ஓங்கி அடித்தபோது ஆறாவது மட்டையின் கழுத்து முறிந்து, தலை பறந்துபோய்ப் பக்கத்தில் நின்றவரின் தோளில் பட்டிருக்கிறது. காயம் பெரிதில்லை. ஆனால் ஆறு மட்டையையும் திருப்பிவிட்டார்கள். மற்ற ஐந்தை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

முதலாளி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் தாள் சுத்தமாக இருந்தது. "கருவேலம் வண்டிக்குத்தான் லாயக்கு. நம்ம புத்தி போன போக்கு" என்றார். சத்தம் மாறியதை நான் அப்போதுதான் அவரிடம் சொன்னேன். "இப்பச் சொல்லி என்ன சார் ஆகப்போகுது? மலையில இனிமே நம்ம மட்டையக் கையால தொடமாட்டாங்க. நீங்களே போய் ஆசாரிகிட்டச் சொல்லிட்டு வந்திருங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

மட்டையின் முறிந்த தலையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு திருமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். அவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன். கப்பலூர் தாண்டுவதற்குள் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன், நாலிலும் நான் கொஞ்சம் நல்லவனாக இருந்தேன்.

பட்டறைக்குப் புதுக் கீற்று போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க தம்பி, பஸ்ஸுலயா வாரீக?" என்று பலகையைத் துடைத்துப் போட்டார். நடந்ததைச் சொன்னேன். ஆர்டர் போனதைச் சொன்னேன். சத்தம் மாறியதை மட்டும் சொல்லவில்லை. அவர் கையை நீட்டினார். துணியோடு கொடுத்தேன்.

வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். மிஞ்சியிருந்த நூலைப் பிரித்தார், நான் பிரிக்காத அந்த நூலை. முறிவில் பாதி வெளுப்பாக, புதிதாக இருந்தது. மறுபாதி கறுத்திருந்தது. கறுத்த இடத்தை உளிமுனையால் சுரண்டி உள்ளங்கையில் தட்டினார். துளி மண் விழுந்தது. விரலில் எச்சில் தொட்டு அதைக் குழைத்துப் பார்த்தார்.

"மலையில செம்மண்ணுதான?"

"ஆமாண்ணே."

"இது கரம்ப. நம்ம கம்மா மண்ணு."

உளிமுனையால் முறிவின் கறுத்த பாதியைத் தொட்டுக் காட்டினார்.

"இது அங்கன வெடிக்கல. இங்கனயே பாதி வெடிச்சுப்போச்சு. நூல் இடுக்கு வழியா புழுதி ஏறியிருக்கு. ஒரு அடியில ஏறுற மண்ணு இல்ல இது." அவர் மண்ணைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார். "வெடிச்சிருந்தா சத்தம் மாறியிருக்குமே தம்பி."

"மாறுச்சுண்ணே. பதினேழாவது பந்துல."

என்னென்னவோ ஒத்திகை பார்த்திருந்தேனே, வெளியே வந்தது இவ்வளவுதான். அவர் மட்டைத் தலையைப் பலகையில் வைத்தார். குரல் உயரவில்லை.

"சொல்லியிருந்தா அன்னைக்கே ஒடைச்சு அடுப்புல போட்டிருப்பேன். அஞ்சு போயிருக்கும். ஆறாவத ரெண்டு நாள்ல செஞ்சு நானே மலைக்குத் தூக்கிட்டுப் போயிருப்பேன்."

"தப்புத்தாண்ணே."

"நான் பந்தத்தான் பாத்தேன். அது ஒழுங்காத்தான் வந்து விழுந்துச்சு." கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். "அம்புட்டுத் தூரத்துல நின்னா எனக்குச் சத்தம் கேக்காதுன்னு உங்களுக்குத் தெரியும்ல, சார்?"

நான் மறுபடி சார் ஆகியிருந்தேன். காபி வாங்கிவரச் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆடி மாதத்தில் அவர் குடும்பத்தோடு மேலூர்ப் பக்கம் போய்விட்டதாகத் தெரிந்தது. அதற்கு அடுத்த வருஷம் மேலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை பார்த்தேன். தோளில் ஒரு கட்டுக் கணை வைத்திருந்தார். "நல்லாருக்கீகளா சார்?" என்று கேட்டார். நல்லாருக்கேன் என்றேன். கொட்டாம்பட்டி பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது அதிகமில்லை. சோதிக்கிறவனுக்கு மட்டும் கேட்கிற சத்தம் ஒன்று உண்டு. செய்தவனுக்கு அது கேட்காது, வாங்குகிறவனுக்கும் கேட்காது. அவர்கள் இரண்டு பேரும் நம் காதை நம்பித்தான் தூரத்தில் நிற்கிறார்கள். செய்தவன் உங்களுக்குப் பிடித்த ஆளாக இருந்தால், உங்களுக்கு வேறு ஆளே இல்லாவிட்டால், முதலில் நூலைப் பிரியுங்கள். நான் அவரைக் காப்பாற்ற நினைத்துப் பொய் சொன்னேன் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய்தான். நான் காப்பாற்ற நினைத்தது என் சனிக்கிழமையை.

யுத்தம் முடிந்து சீமைச் சரக்கு வரும் வரை ரிப்பேர் மட்டைகளை அதே கண்மாயில் சோதித்தேன். மறுபடி பந்தில் சுண்ணாம்பு தடவினேன், மறுபடி நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் பிறகு துண்டு தெரிகிறதா என்று தலை தானாக நிமிர்ந்து பார்க்கும், அதை நிறுத்த என்னால் கடைசிவரை முடியவில்லை. தாளில் சத்தம் என்கிற இடத்தில் கேட்டதைக் கேட்டபடியே எழுதினேன். எழுதியதைப் புளிய மரத்தடியில் உட்கார்ந்து ஒரு தடவை வாய்விட்டுப் படிப்பேன். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.